தணிகாசலம் சாரின் நேர்

குறை சொல்லும் வாடிக்கையாளர்களைத்தான் எனக்குப் பிடிக்கும், ஐயா. சொல்லாமல் போகிறவர்கள் அடுத்த முறை வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார்கள்.

தணிகாசலம் சார் குறை சொல்வதில் மன்னர். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மேனேஜர். அவர் காரில் இருந்தது, ஓட்டுபவர் திருப்புவதோடு தானும் கொஞ்சம் திருப்பிக்கொள்ளும் ஸ்டியரிங். அதைக் கழற்றி மாட்டினால், நேர் எது என்று கம்ப்யூட்டர் வைத்து மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன். மறுநாளே வந்துவிட்டார்.

"இன்னாப்பா அருள்பாண்டி, வண்டி சோத்தாங்கை பக்கமா இஸ்துகினு போவுது. வேலை தெரிஞ்சுதான் செய்றியா?"

நான் ஓட்டினால் நேராகத்தான் போனது. அவர் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். முதலாளி எதிரில் என்னை அரைகுறை என்றார். கோபம் வந்தது, உங்களிடம் மறைக்கவில்லை. கடைசியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். வண்டியில் கோளாறே இல்லை. போனை வலது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "லைன் இன்னாத்துக்கு நின்னுச்சு?" என்று கம்பெனி ஆட்களிடம் வழி நெடுகக் கத்துகிறார். உடம்பு வலப்பக்கம் சாய்கிறது, ஸ்டியரிங்கும் கூடவே போகிறது.

மேனேஜரைத் திருத்தும் அதிகாரம் எனக்கில்லை. ஆகவே நேரைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்தேன். "இப்பத்தாம்பா இது வண்டி" என்று முதுகில் தட்டினார்.

சாய்ந்து ஓட்டினால் ரோட்டில் போகும், நிமிர்ந்து ஓட்டினால், எங்கள் வாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் வரும் ஏரிக்குப் போகும். எனக்கு அது தெரியும். அந்த அக்கறையில், அவர் கார் எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் போன் போட்டு, "ஸ்டியரிங் எப்பிடி சார் இருக்கு?" என்பேன். ஏரிக்கரை முடியும்வரை பேச்சை விடமாட்டேன்.

ஒருநாள் சலித்துக்கொண்டார். "உனுக்கு வேற வேலை இல்லியா? இனிமே போன் பண்ணாத."

மறுநாள் ஆயுத பூஜை. கம்பெனிகளில் லைனை நிறுத்தி, மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் கூப்பிட ஒருவருக்கும் அவசியமில்லை. கார் வாசலைத் தாண்டியபோது பார்த்தேன். தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது. என் ஒரு கையில் போன், இன்னொன்றில் சுண்டல். சுண்டலைச் சாப்பிட்டேன்.

ஏரியில் தண்ணீர் அதிகமில்லை. அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் சொன்னதைத்தான் கேட்டேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு குறைகூட வரவில்லை, ஐயா.