செத்தால் போட வேண்டிய கார்டு

ஆவடிக்குப் போகும் ரயிலில் எதிர்ப் பலகையில் இருந்தவர் மூச்சிரைக்கச் சிரித்தார். "நான் செத்தா இந்தக் கார்டைப் போடணுமாம்!"

பட்டணத்து ஆஸ்பத்திரி விலாசம் எழுதிய தபால் கார்டு அது.

"இன்னாத்துக்கு?" என்றாள், அவரைக் கூட்டிப்போக வந்திருந்த மனைவி.

"நெஞ்சுக்குள்ள ஒரு கதவு சரியா மூடலியாம். குழா வெச்சுக் கேட்டாரே டாக்டர் தொரை, அவர் சொன்னது சரியான்னு செத்தப்பறம் அறுத்துப் பாக்கணுமாம். ஆராய்ச்சியாம்!"

"இப்பவே அத்தச் சரி பண்றதுக்கு இன்னா?"

"அதுக்கு மருந்தே கெடையாதாம். கார்டுதான் கீதாம்."

"த்தூ! உசுரோட கீறவனுக்கு ஒண்ணுமில்ல, பொணத்துக்கு வைத்தியமா?"

"கோவிச்சுக்காத. நான் போய்ட்டா மறக்காம நாலு வரி எழுதிப் போட்டுடு."

மனைவி கார்டைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

"எனக்கு எழுதத் தெரியாது. நீ சாவாம கெட."