ஊதா நிற முழுக்கைச் சட்டை

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினோராம் தேதி, என் மனைவி ராசம்மாவின் பதினாறாம் நாள் காரியத்திற்கு, என் பழைய மாணவன் மதிவாணன் அத்தர் பூசிக்கொண்டு வந்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாரும் வெள்ளையில் இருந்தார்கள். அவன் மட்டும் ஊதா நிறத்தில் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் வெள்ளிப் பொத்தான், கூர்முனைக் காலணி. முப்பத்தெட்டு வயது, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். கண்ணீரைக்கூட மடித்த கைக்குட்டையால் ஒற்றி எடுத்தான். என் வீட்டில் என்னைவிட அதிகமாக அவன் அழுதது முறையன்று என்றே இன்றும் கருதுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து, கெலாங் பாத்தா ஊரிலிருந்து கமலநாதன் என்பவர் ஆரஞ்சுப் பழங்களோடு பெர்மாஸ் ஜெயாவில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் ரூபினிக்கும் மதிவாணனுக்கும் நிச்சயதார்த்த நாள் குறித்தாயிற்று. எங்கள் பக்கத்தில், பெண் கொடுக்குமுன் பையனின் பழைய வாத்தியாரை ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் அவனுக்கு நான்தான் வகுப்பாசிரியர்.

“பையன் எப்படி சார்?”

இதற்குத் தமிழில் பல சொற்கள் உள. சோக்காளி என்றால் குற்றம் உடையோடு நின்றுவிடும், கேட்பவர் சிரிப்பார். பகட்டன் என்றால் சற்றே முகம் சுளிப்பார். மைனர் என்றால் பெண் இருக்கும் வீட்டில் கதவைச் சாத்துவார்கள். சட்டத்தில் வயது நிரம்பாதவனைக் குறித்த அந்தச் சொல், தகப்பன் சொத்தில் உடுத்தித் திரிந்து பெண்களைக் கெடுப்பவன்மீது நம் வழக்கில் ஏறிக்கொண்டது. மதிவாணனின் தகப்பன் பால்மரம் வெட்டியவர். விட்டுச்சென்ற சொத்து ஒரு சைக்கிள். ஆகவே அச்சொல் அவனுக்குப் பொருந்தாது. முப்பத்தைந்து ஆண்டு இலக்கணம் கற்பித்த எனக்கு அது தெரியும்.

“மைனர்,” என்றேன்.

கமலநாதன் குரலைத் தாழ்த்தினார். “அதான் சார் எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு. இந்த வெயில்ல எந்நேரமும் முழுக்கை. கேட்டா சிரிச்சு மழுப்புறான். போதை ஊசி போடுற பயலுங்கதான் இப்படி மூடிக்கிட்டுத் திரிவாங்கன்னு என் மச்சான் சொல்றாரு. உள்ள என்ன சார் இருக்கு?”

“நான் பார்த்ததில்லை,” என்றேன்.

நிச்சயதார்த்தம் நின்றது. ஊசி என்ற பேச்சு அவனுடைய தொழிற்சாலைவரை போயிற்று.

ஒரு ஞாயிறு காலையில் அவனே வந்தான். எதிரே அமர்ந்து, பொத்தானைக் கழற்றி, இடக்கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டினான்.

“நீங்க மறந்திருப்பீங்க சார். இந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொல்லிடுங்க, போதும். நானா சொன்னதில்ல, ரூபினிகிட்டகூட. உங்க பேரு கெட்டுடும்லா.”

“எனக்கு நினைவில்லையே, தம்பி.”

அவன் சட்டையை இறக்கிப் பொத்தானை மாட்டினான். “பரவால்ல சார், வயசாயிடுச்சு. மருந்து வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்கதானே?”

எனக்கு நினைவிருந்தது. 1996, பள்ளி விளையாட்டுப் போட்டி நாள். தகப்பனின் பூப்போட்ட சட்டையில், தலையைச் சுருட்டிச் சீவி வந்தான். “எங்க மைனரைப் பாருங்க, என்னா அழகு!” என்று ராசம்மா எல்லார் முன்னிலையிலும் அவன் கன்னத்தைக் கிள்ளினாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என்னை அவள் அப்படிப் பார்த்ததும் இல்லை.

அவனைப் பொருளறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினேன். முகத்தைக் காக்கக் கையைத் தூக்கினான். பதினேழு அடி. பிரம்பு பிளந்த பிறகு விழுந்தவை அவற்றுள் மூன்று. அவனுக்குப் பதினொரு வயது.

புண் சீழ்பிடித்தது. ஒரு மாதம் ராசம்மா தினமும் போய்க் கட்டுப் போட்டாள். பிறகு ஒரு முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தாள். அதன்பின் தீபாவளிதோறும் ஒன்று. அந்த ஊதா நிறச் சட்டை அவள் கடைசியாகத் தைத்தது. காரியத்திற்கு அவன் அதை உடுத்தி வந்த காரணம் எனக்கு அன்றே தெரியும்.

கமலநாதன் வீட்டுக்கு நானே போயிருக்கலாம். இருமுறை பேருந்து நிறுத்தம்வரை சென்று திரும்பினேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகையால், இதைப் படிக்கும் நீங்கள் இத்தாளை அவரிடம் சேர்த்துவிடுங்கள். சட்டை பள்ளி ஒழுங்குக்கு மாறாக இருந்ததால் அடித்தேன் என்று சொல்லுங்கள். ராசம்மா அவன் கன்னத்தைக் கிள்ளிய இடத்தை மட்டும் உள்ளே மடித்துக் கொடுங்கள்.