பச்சை ஒயர்

மத்தியானம் இரண்டரை மணி. ஊருக்கு வெளியே, மூடிப்போன கம்பெனிக்குப் பின்னால் போகிற ரோடு. ஒரு சைக்கிள்கூட இல்லை... ராத்திரி கூடி உட்கார்ந்து கேட்கிற கதைக்கு மத்தியானப் பேயா என்று இளிக்காதீர்கள். பேய்க்கு நேரம் குறித்துக் கொடுத்தவன் எவன்? பேசாமல் கேளுங்கள். நடந்தது என் சம்பந்தியின் கூட்டாளிக்கு. டிவி மெக்கானிக். பொய் சொல்ல வராத ஆள். அதனாலேயே தொழிலில் உருப்படாத ஆள்.

அந்த ரோட்டுக் கடைசியில்தான் அவர் பட்டறை. ஒரே அறை, ஒரே ஷட்டர். வேன் ஒன்று வந்து ஆள் உயரப் பெட்டி ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. பழைய வீடியோ கேம் பெட்டி. காசைப் போட்டு, குச்சியை ஆட்டி, பட்டனைத் தட்டி விளையாடுவோமே, அது. கூடவே ஒரு கம்ப்யூட்டர். உள்ளே இருக்கிற பழைய போர்டைக் கழற்றிவிட்டு, அதே குச்சி, அதே பட்டன் கம்ப்யூட்டரில் வேலை செய்கிற மாதிரி மாற்றித் தர வேண்டும். பெட்டிக்குச் சொந்தக்காரனின் புது வீட்டு ஹாலுக்கு அலங்காரமாம்.

அவனிடமிருந்து போனும் வந்தது.

"அஞ்சு மணிக்கு நானே வர்றேன் தம்பி. உங்க அண்ணன் பார்த்த மெஷின்தான். நீங்க கை வெச்சாதான் சரிப்படும்."

எவ்வளவு கொழுப்பு பாருங்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய கேம் கடையில், இதே பெட்டியைப் பிடித்தபடிதான் மெக்கானிக்கின் அண்ணன், அவரும் மெக்கானிக்தான், ஷாக் அடித்துச் செத்தார். "குடிச்சிட்டு வந்து கைய வெச்சான், நான் என்ன பண்ண" என்றான் கடைக்காரன். "அன்னைக்கு அவர் குடியைத் தொடவே இல்ல" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். மெக்கானிக் யாரை நம்பினார் தெரியுமா? கடைக்காரனை. பிணம் கிடக்கும்போதே, "குடிகாரன் சாவுக்கு ஊரான் மேல ஏன் பழி போடறீங்க அண்ணி" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். அன்றைக்கு அண்ணி சாத்திய கதவு... அப்புறம் அவருக்குத் திறக்கவே இல்லை.

பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அண்ணன் கை கடைசியாகப் பட்ட பொருள். மனசு வரவில்லை. பின்பக்கக் கதவைத் திறந்தார்.

தூசி வாசனை. எலிப்புழுக்கை வாசனை. அதற்கும் மேலே... ஒயர் பற்றவைக்கிற புகை. சூடான, புதுப் புகை. அவர் இன்னும் சால்டரிங் அயர்னை பிளக்கிலேயே சொருகவில்லை.

சரி, மூக்குக்கு வயசாகிவிட்டது என்று வேலையில் இறங்கினார். வேலை ஒன்றும் பிரமாதம் இல்லை. உதவாத கீபோர்டு ஒன்றைப் பிரித்து, உள்ளே இருக்கிற சின்ன போர்டை எடுத்து, ஒரு பட்டனுக்கு ஒரு எழுத்து என்று ஒயரைப் பற்றவைக்க வேண்டும். பட்டனைத் தட்டினால், யாரோ டைப் அடிக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொள்ளும். இடது பக்கத்து ஆட்டக்காரனின் பட்டன்களை முடித்தார். சோதிப்பதற்கு ஸ்கிரீனில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துத் தட்டிப் பார்த்தார். எழுத்து சரியாக விழுந்தது.

வலது பக்கத்துக்கு ஒயர் வெட்டக் குனிந்தார்.

டக்.

ஸ்கிரீனில் ஒரு எழுத்து. அவர் இன்னும் எந்த ஒயரையும் சேர்க்காத எழுத்து.

டக்... டக்...

நிமிர்ந்தார். வலது பக்கத்து முதல் பட்டன், விரல் வைத்து அமுக்கினால் எப்படி இறங்குமோ அப்படி இறங்கியது. ஏறியது. அதன் ஒயர் எதிலும் சேராமல் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கம் பாதி நிரம்பிவிட்டது... ஒரே எழுத்து.

நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். அவருக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது.

"உயிரோட இருக்கும்போதும் என்னை ஒழுங்கா வேலை செய்ய விட்டதில்ல. இப்பவுமா?" என்று கத்தியபடி, அந்தப் பட்டனின் ஒயரைப் பிடுங்கி எறிய உள்ளே கையை விட்டார். ஒயர் வரவில்லை. எங்கேயோ சிக்கியிருந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தார். காசு விழுகிற டப்பாவுக்குப் பின்னால் ஒரு பச்சை ஒயர். கட்டிங் பிளேயரால் நறுக்கென்று வெட்டி, இரண்டு முனையிலும் டேப் சுற்றியிருந்தது.

பச்சை என்றால் எர்த். பெட்டி இரும்பில் கரண்ட் கசிந்தால் தரைக்கு இழுத்துப் போய்க் கடை பிரேக்கரை விழவைக்கும். பிரேக்கர் விழுந்தால் ஆட்டம் நிற்கும், கூட்டம் கலையும். பச்சையை வெட்டிவிட்டால் ஆட்டம் நிற்காது. ஆள்தான் நிற்க மாட்டான்.

ஒயருக்குப் பக்கத்துப் பலகையில் பென்சில் எழுத்து. பழைய மெக்கானிக்குகள் பெட்டிக்குள் தேதி எழுதிவைப்பார்கள். அண்ணன் கையெழுத்து.

"பெட்டியில் கரண்ட் வருது. ஓட்ட வேணாம்னு முதலாளிகிட்ட சொல்லியாச்சு."

"எர்த் வெட்டியிருக்கு. சேர்த்துட்டேன்."

"மறுபடி வெட்டியிருக்கு. மறுபடி சேர்த்துட்டேன்."

கடைசித் தேதி, அவர் செத்ததற்கு முந்தின நாள். அவர் சேர்த்ததை அதற்கப்புறமும் வெட்டியிருக்கிறார்கள்.

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பட்டன் சத்தம் நின்றிருந்தது. அண்ணியிடம் காட்ட அவர் கையில் இப்போது ஒன்று இருக்கிறது. அதுதான் அவர் மனசில் ஓடியது.

அஞ்சு மணிக்குக் கடைக்காரன் வந்தான். சென்ட் வாசனையோடு.

"முடிஞ்சுதா தம்பி?"

"உள்ள எட்டிப் பாரு."

"என்ன, மரியாதை குறையுது?"

"படிச்சுட்டுப் பேசு."

அவன் படித்தான். முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்த அளவுக்குக்கூட மாற்றம் இல்லை. "பென்சில்ல யார் வேணா என்ன வேணா எழுதலாம் தம்பி" என்றான். இடது கையைப் பெட்டியின் இரும்புக் கதவில் ஊன்றிக்கொண்டு, வலது கட்டை விரலில் எச்சில் தொட்டு, மெக்கானிக் பாய்ந்து தடுப்பதற்குள் மூன்று வரியையும் தேய்த்து அழித்துவிட்டான்.

பெட்டி எந்த பிளக்கிலும் இல்லை. கீபோர்டு போர்டுக்கு வருவது அஞ்சு வோல்ட். எறும்புகூடச் சாகாது. ஆனால் கடைக்காரனின் கை அந்த இரும்பிலேயே ஒட்டிக்கொண்டது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை... அஞ்சு எண்ணுகிற நேரம். அப்புறம் தூக்கி எறிந்த மாதிரி ஷட்டரில் போய் விழுந்தான். எழுந்தான். அழித்த கட்டை விரல் நகத்தோடு கருகிப்போயிருந்தது. பெட்டியையும் கேட்கவில்லை, செருப்பையும் தேடவில்லை. வெறுங்காலோடு அந்த ரோட்டில் போனான்.

சாகவில்லை. செத்திருக்கலாம் என்றுதான் மெக்கானிக் இன்றைக்கும் சொல்வார்.

ஆனால் பலகை வழித்துவிட்ட மாதிரி இருந்தது. காட்ட ஒன்றும் இல்லை. வெறுங்கையோடுதான் அண்ணி வீட்டுக்குப் போனார். பதினோரு வருஷம் கழித்து. கதவைத் தட்டக் கையை ஓங்கினார். அதற்குள் கதவு திறந்தது.

அண்ணி நின்றாள்.

"அண்ணி, அவர் அன்னைக்குக் குடிக்கல. நான்தான்..."

"தெரியும். இப்பதான் சொன்னாரு."

"யாரு?"

"தம்பி வருவான், உள்ள விடுன்னாரு. அவர் மன்னிப்பாரு, அவர் குணம் அது. நான் விடமாட்டேன். போ."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். அவள் காலடிச் சத்தம் கூடத்தைத் தாண்டி, பின்கட்டுக்குப் போனது. அங்கே குழாய் திறக்கிற சத்தம். பாத்திரம் கழுவுகிற சத்தம். அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. மெக்கானிக் வாசலிலேயே நின்றார்.

பின்கட்டில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம், அவர் முகத்துக்கு நேராக, உள்ளே போட்ட தாழ்ப்பாள் மெதுவாக... சத்தம் வந்துவிடக் கூடாது என்கிற மாதிரி... விலகியது.