பார்த்தது வரைக்கும்

தையல்காரி: ஸ்டூல் மேல ஏறி நின்னுட்டா நீ வக்கீல் ஆயிடுவியாடி? இறங்கு. இருக்கிற ஒரே சட்டைக்கும் காஜா எடுக்காமக் கிடக்கு.

காஜாக்காரி: நாளைக்குச் சாட்சிக் கூண்டுல ஏறப்போறவ நீ. ஒத்திகை வேண்டாமாக்கா? சொல்லுங்கம்மா... டியூஷன் மாஸ்டர் அந்தக் குழந்தையை என்ன பண்ணினார்?

தையல்காரி: தெரியாதுங்க.

காஜாக்காரி: போச்சு! முதல் கேள்வியிலயே கவுத்துட்டே.

தையல்காரி: உள்ளே நடந்ததை நான் எங்கடி பார்த்தேன்?

காஜாக்காரி: தெருவே பார்த்த மாதிரி பேசுது. அவன் போட்டோ எல்லார் போன்லயும் சுத்துது. கல்லு கூட எறிஞ்சாச்சு. நீ ஒருத்திதான்...

தையல்காரி: அன்னைக்கு மழைக்குத் தெருவே கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே கிடந்துச்சு. இந்த ஜன்னல்ல உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தான்.

காஜாக்காரி: அதான்க்கா! 'என் கண்ணால பார்த்தேன்'னு சொல்லிட்டா வாயா தேஞ்சிடும்?

தையல்காரி: எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் அப்படித்தானே கோர்ட்டுல போய்ச் சொன்னார்?

காஜாக்காரி: நல்ல மனசுலதான் சொன்னார் மனுஷன்.

தையல்காரி: யார் இல்லேன்னா? 'திரைச்சீலை என்ன கலரு'ன்னு மாஸ்டரோட வக்கீல் கேட்டானாம். இவரு பச்சைன்னாராம். அந்த ஜன்னலுக்குத் திரையே கிடையாது, கண்ணாடியில பேப்பர் ஒட்டியிருக்கு. மத்த நாள்ல அவர் நிஜமாப் பார்த்தது ஒண்ணு ரெண்டு இருந்துச்சு. அதுவும் சேர்ந்து போச்சுன்னு என்கிட்ட வந்து அழுதார்.

காஜாக்காரி: சரி... நீங்க என்னதாம்மா பார்த்தீங்க?

தையல்காரி: மத்த பிள்ளைங்க கிளம்பிட்டாங்க. ஒரு குழந்தை மட்டும் உள்ளே. மாஸ்டர் கதவைச் சாத்தினார். அப்புறம் அந்தக் குழந்தை செருப்பில்லாம மழையில ஓடி வந்துச்சு. அவர் வாசலுக்கு வந்தார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். கிடந்த செருப்பைக் காலால உள்ளே தள்ளிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டார்.

காஜாக்காரி: எவ்வளவு நேரம் உள்ளே இருந்துச்சு?

தையல்காரி: கடிகாரம் பார்க்கலைங்க. ஒரு சட்டைக்கு ரெண்டு கையும் வச்சுத் தைச்சு முடிச்சேன். அவ்வளவு நேரம்.

காஜாக்காரி: குழந்தை... அழுதுச்சா?

தையல்காரி: மூஞ்சி நனைஞ்சிருந்துச்சு. மழைங்க. அழுதுச்சுன்னு சொல்ல மாட்டேன்.

காஜாக்காரி: அட போக்கா! அதைக்கூடவா சொல்ல மாட்டே?

தையல்காரி: மாட்டேன். நான் ஒண்ணைக் கூட்டிச் சொன்னா அந்த வக்கீல் அதைப் பிடிச்சு இழுத்தே எல்லாத்தையும் பிரிச்சுடுவான். அப்புறம் அந்தக் குழந்தை வந்து சொல்றதை யார் நம்புவா?

காஜாக்காரி: உன் மனசுக்கு... அவன் பண்ணியிருப்பான்னு தோணுதா?

தையல்காரி: தோணுதுடி. சோறு இறங்கல. ஆனா எனக்குத் தோணுறதை வச்சு ஒருத்தனை உள்ளே போட முடியாதே.

காஜாக்காரி: நீ மாஸ்டருக்குச் சொந்தக்காரியாம். தெருவுல பேச்சு.

தையல்காரி: ஆமா, போன மாசம்தான் சொந்தமானோம். துணி கொடுக்கக்கூட ஆள் வரல, பார்த்தியா? அதான் நீ வக்கீல் வேஷம் கட்டிக்கிட்டு நிக்கிறே.

காஜாக்காரி: எப்படிக்கா இப்படி கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே? நானா இருந்தா இந்நேரம் ஊர் சொன்னதுக்குத் தலையாட்டியிருப்பேன்... சரி, கடைசிக் கேள்வி. அது யார் வீட்டுக் குழந்தை?

தையல்காரி: மூடின அறையில ஜட்ஜம்மா கேட்டா, அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்.

காஜாக்காரி: தெரு கேட்குமே?

தையல்காரி: தினமும் கேட்குது. மழையில அடையாளம் தெரியலேன்னுட்டேன்.

காஜாக்காரி: கோர்ட்டுல ஒரு சொல்லு கூட்ட மாட்டே. தெருவுல மட்டும் புளுகுவியா?

தையல்காரி: தெருவுக்கு அது எதுக்குடி?

காஜாக்காரி: சரி, இறங்கிட்டேன். அந்தச் சட்டையைக் கொடு, காஜா எடுக்கிறேன்... ஸ்ஸ்!

தையல்காரி: என்னடி, ஊசி குத்திடுச்சா?

காஜாக்காரி: இல்ல... நாளைக்கு உனக்கு அடுத்து என் பொண்ணு பேசணும்க்கா. யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டயும்...

தையல்காரி: தெரியும்டி. அன்னைக்கு அவ உங்க வீட்டுப் படியேறி, நீ கதவைத் திறந்து அவளைத் தூக்குற வரைக்கும் இந்த ஜன்னலை விட்டு நான் நகரல.