காட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள்

எங்கள் ஊர்க் கால்பந்து மைதானத்தில் ஒலிபெருக்கி பிடித்து ஆட்டத்தை வர்ணித்தவன் நான்தான். செர்பியன், முஸ்லிம் என்று பார்க்க மாட்டேன். யார் கோல் போட்டாலும் ஒரே மாதிரிதான் கத்துவேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

போரில் ஊர் எங்கள் செர்பியப் படையின் கைக்கு வந்ததும் முஸ்லிம் ஆண்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். படைக்காரர்கள் ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து என்னை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனார்கள். நான் கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

"ரெஃபிக், நான்தான் விதோசாவ். இறங்கி வாப்பா. செஞ்சிலுவைக்காரங்க வந்திருக்காங்க. ஒண்ணும் ஆகாது."

யாரும் அவர்களைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வரவில்லை.

ரெஃபிக் என் எதிர்வீட்டுக்காரன். அவன்தான் முதலில் வந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். புல்வெளியில் உட்காரவைத்தோம். தண்ணீர் கொடுக்கச் சொன்னதுகூட நான்தான்.

தளபதி என்னிடம் கேட்டார்: "இவனுங்கள்ல உனக்கு வேண்டியவன் எவனாவது இருக்கானா? இருந்தா இழுத்துக்கிட்டுப் போ."

ரெஃபிக் என்னைப் பார்த்தான். வாய் திறந்து கேட்கவில்லை. அந்தத் திமிர் அவனுக்கு எப்போதும் உண்டு. நான் காய்ச்சிய பிளம் பழச் சாராயத்தைக் குடித்துவிட்டு, "இத டிராக்டருக்கு ஊத்துடா" என்று ஊர் முன்னால் சிரித்தவன். அதற்காக இல்லை. ஒருவனை மட்டும் வேண்டியவன் என்று சொன்னால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?

"எவனும் இல்ல" என்றேன்.

போர் முடிந்து அவன் மனைவி ஹஸ்னியா திரும்பி வந்து, எரிந்த வீட்டை எடுத்துக் கட்டினாள். காலையில் என் வேலியோரம் வந்து நிற்பாள்.

"விதோசாவ், அவர எங்க போட்டீங்க? எலும்பையாவது குடு, புதைச்சிட்டுப் போறேன்."

"ஜெர்மனியில எவளையாவது கட்டிக்கிட்டு இருப்பான். அங்க போய்த் தேடு."

"நீ கூப்பிட்டேன்னுதானடா இறங்கினார்."

அவள் விடவில்லை. ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசியில் போர்க்குற்றம் விசாரிக்கிற உங்களை என் வாசலுக்குக் கூட்டிவந்தாள். நேற்றும் உங்களிடம் கெஞ்சினாள்: "தண்டனையெல்லாம் உங்க இஷ்டம். இடத்த மட்டும் சொல்லச் சொல்லுங்க."

சரி. துப்பாக்கி கொடுத்தார்கள், சுட்டேன். ரெஃபிக்கைச் சுட்டதும் நான்தான். தெரிந்தவன் கையால் போகட்டும் என்று நினைத்தேன். குழி தோண்ட இடம் காட்டியதும் நான். எங்கே என்று தெரியும். சொல்ல மாட்டேன்.

எலும்பு கிடைத்தால் கல் நடுவார்கள். வருடாவருடம் பெண்கள் வந்து அழுவார்கள். யார் செய்தது என்று பிள்ளைகள் கேட்கும். ஊர் இப்போதுதான் எல்லாவற்றையும் மறந்து நிம்மதியாகத் தூங்குகிறது. நான் சிறைக்குப் போவதில் ஒன்றுமில்லை. இரண்டு சனங்களுக்கும் நடுவில் பகையை மூட்டிவிடுகிற ஆள் நான் இல்லை, ஐயா.