விசில் பலகை

வெயில் விஷயத்தில் எனக்கு ராசியே கிடையாது, ஆய்வாளர் அம்மா. காலையிலிருந்து வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். ரயில் வளைவில் தலை காட்டுகிற நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு துண்டு மேகம் வந்து சூரியனை மறைக்கும். ரயில் போனதும் விலகிவிடும். சரக்கு ரயில்களைப் படம் எடுக்கும் எங்கள் கூட்டத்தில் அதற்குப் ‘போட்டோ மேகம்’ என்றே பெயர். அது வந்தால் பெரிய பெரிய ஆட்கள்கூட வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். ஏறி நின்று படம் எடுக்கிற ஏணியை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன், மறுநாள் திரும்ப வருவேன். இந்த எக்கார்ட் எப்படிப்பட்ட ஆள் என்று எங்கள் ஊர் ரோடர்ஸ்லேபனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பொறுமைசாலி என்று.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சுற்றி வளைப்பதாக நினைக்காதீர்கள். அந்த வளைவைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

மேலே சுண்ணாம்புக்கல் குவாரி, கீழே பழைய சலவை சோடா ஆலை. என் தாத்தா காலத்து ஆலை. குவாரியிலிருந்து கல்லை ஏற்றிக்கொண்டு ஆலையின் சொந்த ரயில் இறங்கி வரும். ஆரஞ்சு நிற டீசல் எஞ்சின், நான் பள்ளிக்கூடம் போகும்போதே ஓடிக்கொண்டிருந்தது. வளைவில் நின்றால் எஞ்சின், அதன் பின்னால் வளைந்து வரும் கல் வண்டிகள், அதற்கும் பின்னால் ஆலையின் செங்கல் புகைபோக்கி, மூன்றும் ஒரே படத்தில் கிடைக்கும். கிடைக்கும் என்று சொல்கிறேனே தவிர, எனக்குக் கிடைத்ததே இல்லை. இலையுதிர்காலத் தொடக்கத்தில்தான் வெயில் எஞ்சினின் பக்கவாட்டில் விழும். அந்தச் சில நாட்களில் மேகம், மூடுபனி, இல்லையென்றால் வண்டி தாமதம். இந்த வருடம் ஆலைக்காரர்கள் புது எஞ்சின் வாங்கிவிட்டார்கள். பழையதை உடைக்க அனுப்பப் போவதாகச் செய்தி வந்தது. கடைசி ஓட்டத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை, அம்மா. மறைக்க என்ன இருக்கிறது.

படத்துக்கு இடைஞ்சலாக நிற்பதை அப்புறப்படுத்துவதை நாங்கள் ‘காட்சிப் பராமரிப்பு’ என்போம். நாடு முழுக்க எல்லோரும் செய்வதுதான். தோட்டக்காரர் களை பிடுங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முட்புதரை வெட்டினேன். பிறகு ஒரு பிர்ச் மரம். அதை வெட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டது யார் தெரியுமா? ஹெர்ட்டாதான்.

ஹெர்ட்டாவின் காய்கறித் தோட்டம் வளைவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் தோட்டம், அந்தப் பக்கம் குப்பை உரக்குழி. களையையும் இலையையும் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வேலி இடைவெளி வழியாக வந்து தண்டவாளத்தைக் கடப்பார். அங்கே கேட் கிடையாது, மணி கிடையாது, ஒரு நடைபாதை அவ்வளவுதான். ஆலையின் அரைவைக் கூடத்தில் வேலை பார்த்தே காது போனவர். எஞ்சின் விசில் மட்டும் கேட்கும். காது மிஷினை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவைத்திருந்தார்.

“ஏம்ப்பா எக்கார்ட், இன்னிக்காவது படம் விழுந்துச்சா, இல்ல மேகத்தையே புடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறியா?” என்பார். காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரல். பிளம் பழம் வைத்துச் சுட்ட கேக் கொண்டுவந்து ஏணியிலேயே நீட்டுவார். பிர்ச் மரம் விழுந்த அன்று, “விடுப்பா, எனக்கும் தக்காளிக்கு வெயில் வரும்” என்று சிரித்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. ஏணி மேல் நின்றால் குவாரி வரைக்கும் எனக்குத் தெரியும், கீழே நிற்பவருக்கு வளைவு மறைத்துவிடும். அவர் தள்ளுவண்டியோடு வேலி இடைவெளியில் வந்து நின்று என்னைப் பார்ப்பார். ரயில் வருகிறது என்றால் நான் கையைத் தூக்குவேன். அவர் அங்கேயே நின்றுவிடுவார். கையைத் தூக்கவில்லை என்றால் பாதை காலி, கடந்துவிடுவார். இதில் அவருக்கும் பாதுகாப்பு, எனக்கும் படத்தில் தள்ளுவண்டி வராது. “உன் கையும் அந்த விசிலும் இருக்கறப்ப எனக்கு எதுக்குப்பா மிஷினு?” என்று கேட்பார்.

மிச்சம் இருந்த இடைஞ்சல் ஒன்றுதான், விசில் பலகை. நடைபாதைக்கு முன்னால் கம்பத்தில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகை. அதைப் பார்த்ததும் ஓட்டுநர் விசில் அடிக்க வேண்டும். மூன்றும் ஒரே படத்தில் விழுகிற அந்த இடத்துக்கு எஞ்சின் வரும்போது பலகை அதன் மூக்கு மேல் வந்து உட்காரும். எவ்வளவு தள்ளி நின்றாலும் உட்காரும். வேண்டுமென்றே அங்கே நட்டமாதிரி இருக்கும்.

ஹெர்ட்டாவிடம் ஸ்பானர் கேட்டேன். “எதுக்குன்னு கேக்க மாட்டேன். கேட்டா சாயங்காலம் வரைக்கும் விளக்குவே. பத்திரமா திருப்பிக் குடு, எங்க வீட்டுக்காரர் வெச்சிருந்தது” என்றார். அவர் ஊருக்குள் போயிருந்தபோது பலகையைக் கழற்றினேன், கம்பத்தையும் சேர்த்து. ஸ்பானருக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். பலகையை என் வீட்டு நிலவறையில் கம்பளி சுற்றி வைத்திருந்தேன். கடைசி ஓட்டம் முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுவதாகத்தான் எண்ணம். நான் திருடன் இல்லை.

எடுத்த பிறகும் ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஃபோல்க்மார்தான் அந்த எஞ்சினின் ஓட்டுநர், எத்தனையோ வருடப் பழக்கம். பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் கை தானாக விசிலுக்குப் போய்விடும். ஆலையிலிருந்தும் யாரும் வந்து எங்கே பலகை என்று கேட்கவில்லை. யாருமே தேடாத பொருள் எப்படி அவ்வளவு முக்கியமாக இருக்க முடியும்? நியாயமாக யோசித்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

கடைசி ஓட்டத்துக்கு முந்தின நாள் மதியம் ஃபோல்க்மாரை பீர்க்கடையில் பார்த்தேன். நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“முதுகு புடிச்சுக்கிச்சுடா. கடைசி வண்டி, நான் ஓட்ட முடியாமப் போச்சு பாரு. என் தலையெழுத்து” என்றான்.

“அப்ப யாரு ஓட்டறா?”

“வெளியூர்க்காரன் ஒருத்தன். நேத்து ஒரு தடவ கூட்டிட்டுப் போயி காட்டுனாங்க. பரவாயில்ல, பலகையெல்லாம் இருக்கில்ல, பார்த்து ஓட்டிக்குவான்.”

அப்போது உனக்குப் பலகை ஞாபகம் வரவில்லையா என்று கேட்கப் போகிறீர்கள். வந்தது. எனக்கு மறதி கிடையாது. இன்னொரு பீர் சொல்லி அவனுக்கும் வாங்கிக் கொடுத்தேன், வீட்டுக்கு வந்து நிலவறையில் பலகையைப் பார்த்தேன். அரைமணி வேலை. ஆனால் மாட்டினால் படம் போச்சு. என் கை இருக்கிறதே, அது போதும் என்று முடிவு செய்தேன். அது அவசரத்தில் எடுத்த முடிவு இல்லை.

மறுநாள் ஊர்க்கூட்டம் முழுக்க ஆலை வாசலில், பேண்டு வாத்தியத்தோடு. வளைவில் நானும் போடோவும்தான். போடோ வீடியோ எடுப்பவன், எனக்குக் கொஞ்சம் கீழே சரிவில் நின்றான். வீடியோக்காரன் பக்கத்தில் இருந்தால் ரயில் போய் முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, சத்தம் பதிவாகும். இது எங்களுக்குள் எழுதாத சட்டம். குவாரிப் பக்கம் எஞ்சின் தெரிந்தது. சூரியன் மேல் மேகம் இருந்தது. வழக்கம்போல, எனக்கென்றே வந்த மேகம். வண்டி இறங்கிக்கொண்டே வருகிறது, மேகம் நகரவே மாட்டேன் என்கிறது. பிறகு நகர்ந்தது, அம்மா. வெளிச்சம் எஞ்சின் மேல் கொட்டியது. ஆரஞ்சு நிறம் தீப்பிடித்தமாதிரி ஆனது. அவ்வளவு சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தில்கூட உணர்ந்ததில்லை.

அப்போதுதான் ஹெர்ட்டா தள்ளுவண்டியோடு வேலி இடைவெளியில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். சிரித்தார்.

என் இரண்டு கையும் கேமராவில் இருந்தது. ஒரு கையை எடுத்தால் ஏணியில் உடம்பு ஆடும், படம் கலங்கும். எஞ்சின் என் இடத்துக்கு வர இன்னும் சற்று தூரம். ஓட்டுநர் விசில் அடிக்கவில்லை. எதைப் பார்த்து அடிப்பான்? ஹெர்ட்டா காத்திருந்தார். என் கை எழவில்லை. படம் எடுத்தேன். அந்த ஒன்றோடு நிறுத்த முடியாது, பாதுகாப்புக்கு இன்னொன்று எடுத்தேன். மூன்றாவதில் அவர் வெளியே தண்டவாளத்துக்கு வந்துவிட்டார். அதை அங்கேயே அழித்துவிட்டேன். உங்கள் ஆட்கள் மீட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். அதை யாருக்கும் காட்டாமல் இருப்பது நல்லது, அதில் ஃபோகஸ்கூட சரியில்லை.

கத்தினேன், அவருக்குக் கேட்கவில்லை என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். அது பொய். போடோவின் வீடியோவில் சக்கரச் சத்தமும் என் கேமரா சத்தமும்தான் இருக்கின்றன, அப்புறம் பிரேக். நான் கத்தவில்லை. கத்தியிருந்தாலும் பயனில்லை, போடோவின் பதிவும் கெட்டிருக்கும். கையைத் தூக்கியிருந்தால் நின்றிருப்பாரா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நின்றிருப்பார். அதை நான் மறுக்கவே இல்லை. தூக்கினால் படம் போய்விடும் என்று தெரிந்தேதான் தூக்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். போடோவைக் கேளுங்கள்.

பலகையை மறுபடி நட்டுவிட்டார்களாம். நல்லது. வேலிப் பக்கம் கொஞ்சம் தள்ளி நட்டிருக்கலாம், இனி வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்த இரண்டாவது படம் சுத்தமாக வந்திருக்கிறது. எஞ்சின், வண்டிகள், புகைபோக்கி, ஒரு தூசுகூடக் குறுக்கே இல்லை. என்றைக்காவது அதை எங்காவது மாட்டினால் என் பெயரோடு ஹெர்ட்டாவின் பெயரையும் போட வேண்டும். ஏணி பிடித்தார், ஸ்பானர் கொடுத்தார், அதெல்லாம் சின்ன விஷயம். என் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கைக்காகச் சொல்கிறேன். வேறு யாராவது இருந்தால் என் கையை எதிர்பார்த்து நிற்காமல், அவசரப்பட்டு முன்னாலேயே வெளியே வந்து படத்தைக் கெடுத்திருப்பார்கள்.