ஒப்பீடு கெடக் கூடாது

எனக்குப் பாரபட்சம் பிடிக்காது, ஐயா. இரண்டு பேருக்கு டீ ஊற்றினால் இரண்டு டம்ளரிலும் ஒரே மட்டம் இருக்க வேண்டும். விசாரணை அதிகாரியான உங்களுக்கு இந்தக் குணம் புரியும்.

என் ஆராய்ச்சி எளிமையானது. கைபேசிக் கோபுரத்தின் அலை எட்டாத இடத்தில் கையடக்க ரேடியோக்கள் ஒன்றின் செய்தியை இன்னொன்று வாங்கிக் கைமாற்றிவிடும். எந்த வழியாக அனுப்புவது என்பதற்கு இரண்டு முறைகள். வழிகளை முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்துக்கொள்வது ஒன்று. செய்தி வந்த பிறகு வழி தேடுவது மற்றொன்று. எது மேல் என்று ஆளாளுக்குக் கணினித் திரையில் புள்ளிகளை ஓடவிட்டுச் சண்டை போடுகிறார்கள். நான் நிஜ மனிதர்களை ஓடவிட்டுப் பார்க்க விரும்பினேன்.

தீயணைப்பு நிலையத்தில், பயிற்சிக்கு மட்டும் என்று சொல்லி அனுமதி தந்தார்கள். என் தங்கையின் கணவருக்கு அங்கேதான் வேலை. நால்வர் கொண்ட இரண்டு அணிகளுக்குச் சீட்டுக் குலுக்கியதில் அவருடைய அணிக்கு அட்டவணை முறை விழுந்தது, மற்றதற்கு வழி தேடும் முறை. சொந்தக்காரர் என்பதற்காக நான் எதையும் மாற்றவில்லை.

அப்போதுதான் பெயின்ட் கிடங்கு தீப்பிடித்தது. பயிற்சியில் அப்படியொரு புகை கிடைக்காது. என் ரேடியோக்களோடு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

"பழைய ரேடியோவையும் கையில வச்சுக்கறோமே, மச்சான்."

"ரெண்டும் இருந்தா எது வேலை செஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? வண்டியிலயே வச்சிட்டுப் போங்க, மாப்பிள்ளை."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கூரை சரியப்போகிறது என்று தெரிந்ததும் நிலைய அதிகாரி எல்லாரையும் வெளியே வரச் சொல்லிச் செய்தி அனுப்பினார். வழி தேடும் அணி வந்து சேர்ந்தது. மற்ற அணி உள்ளே ஓடி ஓடி இடம் மாறிவிட்டது. அட்டவணையோ பழைய வழியையே காட்டிக்கொண்டிருந்தது. ஆளில்லாத மூலைக்குச் செய்தி திரும்பத் திரும்பப் போவது என் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

"அவங்களுக்குப் போய்ச் சேந்துச்சா சார்?" என்றார் நிலைய அதிகாரி.

ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அந்த ரேடியோக்களும் வழி தேடத் தொடங்கிவிடும். ஆனால் பாதியில் முறையை மாற்றினால் ஒப்பீடு கெட்டுவிடும்.

"போயிட்டிருக்கு சார்" என்றேன். பொய்யில்லை. போய்க்கொண்டுதான் இருந்தது.

பிறகு கூரை விழுந்தது.

"உனக்கு அப்பவே தெரியுமா அண்ணா?" என்று தங்கை கேட்டாள். தெரியும் என்றேன். செய்தி போன வழியின் வரைபடத்தையும் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. கொஞ்சம் நிதானமாக யோசித்தால் அவளுக்கே விளங்கும்.

நால்வரையும் உள்ளே நிறுத்தியது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இதை வைத்து நான் எழுதிய கட்டுரையைப் படித்த நிபுணர் ஒரே ஒரு குறைதான் சொல்லியிருக்கிறார்: ஒரு தீயை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாதாம். நியாயமான பேச்சு. அதனால்தான் கேட்கிறேன், ஐயா. கையெழுத்துப் போட்டதும் அந்த ரேடியோக்களைத் திருப்பித் தந்துவிடுவீர்கள் அல்லவா?